சிவப்பு மையில் அடித்த டிக்குகள்

புதிதாக வேலைக்கு வரும் டீச்சர்கள் சின்னப் பிள்ளைகளுக்குச் செடி ஆக்டிவிட்டி என்ன செய்யலாம் என்று என்னிடம் கேட்பார்கள். ஐடியா நிறைய இருக்கிறது. அதற்கு முன்னால் நான் கெடுத்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

1. பேப்பர் கப்

அப்போது வேலம்பாளையத்தில் இரண்டாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளின் அப்பா அம்மாவுக்குப் பெரும்பாலும் பனியன் கம்பெனி வேலை. கம்பெனியில் டீ குடித்துப் போடும் பேப்பர் கப்பைக் கழுவி எடுத்துவரச் சொன்னேன். அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, ஆளுக்கொரு அவரை விதை ஊன்றினோம். மண்ணுக்குள் விரலை விட்டதும் வகுப்பே குஷியாகிவிட்டது. கப்பை வீட்டில் வைத்து வளர்க்க வேண்டும். தண்ணீர் ஊற்றிய நாளுக்குச் சார்ட்டில் ஒரு டிக்.

இரண்டு வாரம் கழித்து எல்லோரும் செடியோடு வந்தார்கள். செல்வியின் கப்பில் மட்டும் இரண்டு இலை, அதுவும் ஓரம் கருகித் தொங்கியது. சார்ட்டில் ஒரு நாள் விடாமல் டிக்.

"ஏன் கண்ணு, தண்ணி ஊத்தாமயே டிக் போட்டயா?"

"ஊத்துனேன் டீச்சர். தெனமும் ஊத்துனேன்."

"ஊத்துன செடி இப்பிடிக் காயுமா? பொய் சொல்லக் கூடாது."

சிவப்புப் பேனாவை எடுத்து எல்லா டிக்கையும் குறுக்கே கோடு போட்டு அடித்தேன். வகுப்பு சிரித்தது. நான் அதட்டவில்லை. அவள் அழாமல் சார்ட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

2. இரண்டாவது விதை

மறுநாள் செல்விக்கு இன்னொரு விதை கொடுத்தேன். அது ஜோராக வந்தது. அதைத் தூக்கிக் காட்டி, "பாத்தீங்களா, ஒழுங்கா ஊத்துனா வருதில்ல?" என்று வகுப்பிடம் சொன்னேன். என் கண்டிப்புக்குக் கிடைத்த பலன் என்று நினைத்துக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

பெற்றோர் கூட்டத்துக்குச் செல்வியின் அம்மா வந்தார். திருநெல்வேலிப் பக்கம். கம்பெனியில் செக்கிங் வேலை. மகளை நினைத்துச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"எங்க லைன் வீட்டுல போர் தண்ணிதான் டீச்சர், ஒரே உப்பு. நல்ல தண்ணி என்னைக்காவது வரும், அது குடிக்க மட்டுந்தான். மொதச் செடிக்குப் போர் தண்ணியத்தான் ஊத்துனா. நீங்க ஏசுன பெறவு, பள்ளிக்கூடத்துக்குக் குடுத்துவிடுத பாட்டில் தண்ணியில பாதிய அதுக்கு ஊத்திட்டு வந்திருக்கா. எனக்கே நேத்துதான் தெரியும்."

எங்கள் பள்ளிக் குழாயிலும் உப்புத் தண்ணீர்தான். அத்தனை நாளும் அந்தப் பிள்ளை பாதித் தாகத்தோடு என் முன்னால் உட்கார்ந்திருக்கிறது.

"அப்படீங்களா" என்றேன்.

தெரியாமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. எங்கள் தோட்டத்துக் கிணற்றில் சாயப்பட்டறைக் கழிவு இறங்கி உப்பேறி, தென்னைகள் ஒவ்வொன்றாகப் போனதைப் பார்த்தவள் நான். ஓலையின் ஓரம்தான் முதலில் கருகும். செல்வியின் கப்பிலும் அதுதான் இருந்தது. நான் செடியைப் பார்க்காமல் சார்ட்டைப் பார்த்தேன்.

நாளைக்கு வகுப்பில் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். மறுநாள் இன்ஸ்பெக்ஷன், பிறகு பரீட்சை என்று தள்ளிப்போட்டேன். உண்மையில் அத்தனை பிள்ளைகள் முன்னால் 'டீச்சர் தப்புப் பண்ணிட்டேன்' என்று சொல்ல வெட்கம். லீவு முடிந்து பள்ளி திறந்தபோது செல்வி வரவில்லை. ஊருக்கே திரும்பிவிட்டார்களாம்.

3. பஸ் ஸ்டாப்பில்

அதன் பிறகு ரிட்டயர் ஆகும்வரை அந்த ஆக்டிவிட்டியை இரண்டு கப் வைத்துத்தான் செய்தேன். ஒன்றுக்கு நல்ல தண்ணீர், ஒன்றுக்குப் போர் தண்ணீர். உங்கள் வீட்டில் என்ன தண்ணீர் என்பதுதான் முதல் கேள்வி. நீங்களும் அப்படியே செய்யுங்கள். வாடிய செடியைக் கொண்டுவரும் பிள்ளையிடம் முதலில் கேளுங்கள், பேனாவைப் பிறகு எடுங்கள்.

போன மாதம் பஸ் ஸ்டாப்பில் அந்த வகுப்புப் பையன் ஒருவன் வணக்கம் வைத்தான். காலேஜில் படிக்கிறான்.

"டீச்சர், அவரைச் செடி வெச்சமே, நாவகமிருக்குதுங்களா? தண்ணியே ஊத்தாம ஒருத்தி டிக் போட்டாளே, அவ பேரென்னங்க?"

"செல்வி. அவ ஊத்துனா சாமி. நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

அவன் தலையாட்டினான். பஸ் வந்தது, ஏறிப்போய்விட்டான். அன்று சிரித்தவர்களில் ஒருவனுக்குச் சொல்லியாயிற்று. இன்னும் முப்பத்தொரு பேர் இருக்கிறார்கள்.