மோரில் கலந்த பொடி

எட்டாவது வரை படித்தவள் நான். நம் கிரிவலக் குழுவில் எப்போதும் கடைசி ஆளாக நடப்பவள். பெரியவர்கள் அனுபவம் எழுதும் இந்தப் பக்கத்தில் நான் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம். மன்னிக்க வேண்டும். எழுதாவிட்டால் இன்னொரு முறை வாயை மூடிக்கொண்டவள் ஆகிவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் செங்கம் ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஆறு வருடமாகச் சுகர். மாத்திரையை ஒழுங்காகப் போடுவார். ஆனால் ஸ்டாண்டில் சர்க்கரை போட்ட டீயை விடமாட்டார். கேட்டால் சண்டை வரும். எனக்குச் சண்டை போட வராது.

ஆவணிப் பௌர்ணமி கிரிவலத்தில் பாதையோரம் ஒரு அம்மாளிடம் சிறுகுறிஞ்சான் பொடி வாங்கினேன். சுகரைக் குறைக்கும் என்றார். பாக்கெட்டைச் சுவாமி படத்தின் முன்னால் வைத்து, விபூதி தூவிக் கும்பிட்டேன். அதோடு என் மனதில் அது மருந்து இல்லை, மலை கொடுத்த பிரசாதம் ஆகிவிட்டது. அவருக்குச் சொல்லாமல் தினமும் காலையில் ஒரு ஸ்பூன் மோரில் கலந்து கொடுத்தேன். கசக்கிறதே என்றார். வெந்தயம் என்றேன்.

அந்த மாதச் சோதனையில் சுகர் குறைந்திருந்தது. நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாரா என்று கிளினிக் டாக்டர் கேட்டார். இல்லை என்றார் அவர். அவருக்குத் தெரியாது. தெரிந்த நான் பக்கத்தில் தலை குனிந்து நின்றேன். வீட்டுக்கு வந்து, இன்னும் குறையட்டும் என்று ஒரு ஸ்பூனை இரண்டாக்கினேன். இதைத்தான் என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை.

அடுத்த சில நாட்கள் அவருக்கு வியர்த்தது, கை நடுங்கியது. வெயில் என்று நினைத்தோம். வெள்ளிக்கிழமை மதியம் ஆட்டோவை ஓரம் கட்டியவர், அப்படியே ஹேண்டில் மேல் சாய்ந்துவிட்டார். வண்டியில் கைக்குழந்தையோடு ஒரு பெண் இருந்தாள். ஓரம் கட்ட முடியாமல் போயிருந்தால்?

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறந்தார். ஒரு மணி நேரத்தில் சுகர் மறுபடியும் இறங்கியது. மாத்திரை கூடுதலாகப் போட்டாரா என்று டாக்டரம்மா கேட்டார். இல்லை என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். அதற்குள் கீழ்பென்னாத்தூரிலிருந்து அவருடைய அக்கா, என் அண்ணி, வந்துவிட்டார்.

"எந்தம்பிக்கு என்னத்த ஆக்கிப் போட்ட?" என்றார்.

வராந்தாவுக்கு ஓடினேன். அங்கிருந்து மலை தெரிந்தது. அவரை எழுப்பு, என் உயிரை எடுத்துக்கொள் என்று அழுதேன். அழும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. உயிரைத் தருகிறேன் என்கிறேன், ஒரு வார்த்தை சொல்லப் பயப்படுகிறேன். வேண்டுதலை மாற்றினேன். அண்ணாமலையாரே, என் வாயைத் திற.

எப்படி உள்ளே போனேன் என்று தெரியவில்லை. அண்ணி பக்கத்திலேயே நின்றார்.

"டாக்டரம்மா, அவருக்குத் தெரியாம நான்தாங்க மோர்ல சிறுகுறிஞ்சான் பொடி கலந்து குடுத்துட்டு இருந்தேன். ரெண்டு ஸ்பூனு."

டாக்டரம்மா திட்டவில்லை. "மாத்திரையும் சுகரைக் குறைக்கும், இதுவும் குறைக்கும்மா. ரெண்டும் சேர்ந்தா ஆளையே சாய்ச்சிடும். இப்பவாவது சொன்னீங்களே" என்றார். அதற்கேற்ப சிகிச்சையை மாற்றினார்கள். சாயங்காலம் சுகர் இறங்காமல் நின்றது.

சிறுகுறிஞ்சான் நாக்கில் பட்டால் கொஞ்ச நேரத்துக்கு இனிப்பே தெரியாது என்றும் டாக்டரம்மா சொன்னார். விஷயத்தைக் கேட்ட என் வீட்டுக்காரர் படுத்தபடியே சொன்னார்: "அதான் ஒரு மாசமா கடை டீ மண்ணு மாதிரி இருந்துச்சா? சக்கரை கம்மினு டீக்கடைக்காரன்கிட்ட தினமும் சண்ட போட்டேன்டி."

அண்ணியே சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவரைப் பிழைக்க வைத்தவர்கள் டாக்டர்கள். என்னைப் பேச வைத்தவர் அண்ணாமலையார். இப்போதெல்லாம் டாக்டரிடம் போகும்போது வீட்டில் சாப்பிடும் பொடி, கஷாயம், மாத்திரை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுகிறேன். அன்பர்களே, மூலிகையைக் குறை சொல்லவில்லை. மாத்திரை சாப்பிடுகிறவருக்கு எதைக் கொடுத்தாலும் அவருக்கும் டாக்டருக்கும் தெரிந்து கொடுங்கள். சொல்லப் பயமாக இருந்தால் அந்தத் தைரியத்தையே சுவாமியிடம் கேளுங்கள். எனக்கே கொடுத்தார்.

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பினார்கள். மோர் கொடுத்தேன். தம்ளரை வாங்கி உள்ளே பார்த்தார். பிறகு குடித்தார்.