அக்கா நட்ட ஏழு கழிகள்

அக்காவின் பதினாறாம் நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். அக்காவின் பிறப்பு, படிப்பு, பணி என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதவிடாமல் ஒரு ஃபிளெக்ஸ் பேனர் குறுக்கே நிற்கிறது. அதைச் சொல்லாமல் முடிக்க மாட்டேன். துக்க வீட்டில் இவ்வளவு கோபமா என்று பெரியவர்கள் நினைத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா ஏரிக்கு நடுவே இருக்கும் பசியாவரத்தில் பிறந்தார். அம்மா ஓலைப் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஏரித் தண்ணீருக்குள் சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடித்து எங்களை வளர்த்தார். அக்கா படகேறிப் பள்ளிக்குப் போனார். பிறகு சென்னையில் வேதியியல் படித்தார். மண்ணைப் பற்றித்தான் ஆராய்ச்சி என்றதும் நைனா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்: "அவனவன் பொண்ணு கம்ப்யூட்டர் படிக்குது. எம்பொண்ணு சேறு படிக்குது."

ராணுவம் பயன்படுத்திக் கைவிட்ட இடங்களைச் சுத்தம் செய்வது அக்காவின் வேலை. வடக்கே எத்தனையோ பழைய வெடிமருந்துக் கிடங்குகளிலும் துப்பாக்கிப் பயிற்சி நடந்த சுடுதிடல்களிலும் அவர் வெயிலில் நின்றார். மண்ணுக்குள் ஈயமும் வெடிமருந்தின் எச்சமும் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கின்றன என்று தோண்டிச் சோதிப்பார். கெட்ட மண் முழுவதையும் அள்ளி அப்புறப்படுத்தும்வரை அந்த இடத்தை விட்டு வரமாட்டார். 'நீங்கள் ஏன் மேடம் அலைகிறீர்கள், அலுவலகத்தில் உட்கார்ந்து கையெழுத்து மட்டும் போடுங்கள்' என்று மரியாதையாகவே சொல்லிப் பார்த்தவர்கள் பலர். அக்கா உட்காரவில்லை.

நம் கரையில் முள்காடாகக் கிடந்த பழைய சுடுதிடலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடலாக மாற்றப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அந்த வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். திடலை அடுத்த தோணிரேவில் எங்கள் வீட்டில்தான் தங்கினார். திடலில் ஏழு இடங்களில் ஈயம் மிகுதியாக இருப்பதைக் கண்டுபிடித்தார். அறிவிப்புப் பலகை வைத்தால் யாராவது கழற்றிக்கொண்டு போவார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் ஏரியில் ஒருவர் வலை கட்ட நட்ட கழியை இன்னொருவர் பிடுங்குவதில்லை. அதனால் அந்த ஏழு இடங்களிலும் சவுக்குக் கழி நட்டு, சிவப்புத் துணி கட்டினார். ஒரு பிள்ளைகூடக் கிட்டே போகவில்லை.

வேலையை எடுத்திருந்த ஒப்பந்தக்காரர் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். நான்தான் டீ கொடுத்தேன். "ஒரு அடி சவுடு மண்ணு கொட்டி மட்டம் பண்ணிட்டா மேல ஒன்னும் தெரியாது மேடம். நீங்க ஒரு கையெழுத்து போட்டா புள்ளைங்க நாளைக்கே வெளையாடும்" என்றார்.

"ஜுரம் வந்தவனுக்குப் போர்வை போத்திட்டா ஜுரம் போயிடுமா சார்? மழை பேஞ்சா அந்த ஈயம் ஏரிக்குத்தான் வரும். எங்கம்மா கைய வச்ச சேறு அது" என்றார் அக்கா.

ஒப்பந்தக்காரர் போன பிறகு நான் பேசியதையும் மறைக்காமல் எழுத வேண்டும். "இன்னாக்கா, ஊரே கேக்குது. போட்டுத் தொலையேன்" என்று சலித்துக்கொண்டேன். அக்கா கோபப்படவில்லை. "உம்பொண்ணு அங்க உழுந்து எழுந்து, அந்தக் கையோட வந்து சோறு துன்னுவா. நீயே சொல்லு, போடட்டுமா?" என்றார். நான் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஒருநாள் காலை, சோதனைக்கு எடுத்த மண் பாட்டில்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பொன்னேரி போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. அவர் தொட்ட மண்தான் காரணமா என்று பலரும் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதினால் அக்காவே வந்து அடித்துத் திருத்துவார்.

நான்காம் நாள் என் மகள் வாசலில் வந்து நின்றாள். "ம்மா, பெரிம்மா படம் போட்டு கிரவுண்டுல பேனர் வச்சிருக்காங்க. சுத்தமாயிடுச்சாம். வெளையாடப் போவட்டா?"

நான் ஓடினேன். ஊர் முழுக்க எங்கள் வீட்டில் அழுதுகொண்டிருந்தபோது அங்கே சவுடு கொட்டி மட்டம் செய்திருக்கிறார்கள். திடல் வாசலில் பேனரில் அக்காவின் முகம். கீழே, 'இம்மண்ணைத் தூய்மையாக்கித் தந்த தாயுள்ளத்துக்குக் கண்ணீர் அஞ்சலி.' பேனருக்குச் சட்டமாக நின்ற கழிகளை எண்ணினேன். ஏழு. ஒன்றில் சிவப்புத் துணியின் கிழிசல் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

உயிரோடு இருந்தவரை வாங்க முடியாத கையெழுத்தை, செத்த பிறகு அவர் முகத்தை வைத்து வாங்கிக்கொண்டார்கள். ஒப்பந்தக்காரரிடம் கேட்டேன். "அஞ்சலிதானேம்மா? நல்லதாத்தானே எழுதியிருக்கோம்" என்றார். எங்கள் துக்கத்தைவிட இந்தப் பதில்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

இந்த மலர் எல்லா வீட்டுக்கும் போகும் என்பதால் இதிலேயே சொல்கிறேன். அந்தத் திடல் சுத்தம் என்று அக்கா எந்தத் தாளிலும் கையெழுத்திடவில்லை.

இறுதி ஊர்வலத்துக்குப் படகுகளைத் தந்த பசியாவரத்து உறவுகளுக்கு நன்றி. காட்டூரிலிருந்து பந்தலுக்குக் கீற்று அனுப்பிய நண்பர்களுக்கு நன்றி. அக்காவின் குறிப்பேட்டையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு சென்னையிலிருந்து ஓடிவந்த அவருடைய உதவியாளருக்கு நன்றி. பேனரை அவிழ்த்து, குறிப்பேட்டில் அக்கா எழுதியிருந்தபடி வேலியோரப் பனைமரத்திலிருந்து அளந்து, சவுட்டைத் தோண்டி ஏழு கழிகளையும் பழைய இடத்திலேயே நட்டுக் கொடுத்த தோணிரேவுப் பெண்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. துணிக்கு என் சிவப்புப் புடவையைக் கிழித்தோம்.

கழிகளை எப்போது எடுப்பார்கள் என்று மகள் தினமும் கேட்கிறாள். அந்த மண்ணை அள்ளி, மறுபடி சோதித்துத் தாளில் காட்டும்வரை உங்கள் பிள்ளைகளை உள்ளே விடாதீர்கள். யார் வந்து சொன்னாலும் விடாதீர்கள். அக்கா படத்தைப் போட்டே சொன்னாலும் விடாதீர்கள்.