கதவில் எண் போட்ட வீடு

தென்காசியில் ஒரு மருந்துக்கடையில் எனக்கு வேலை கிடைத்ததும், ராயகிரியிலிருந்து கணவர், மகளோடு வீடு தேடி வந்தேன். ஒரு மாதம் அலைந்தும் எங்கள் சம்பளத்துக்கு எதுவும் கட்டுப்படியாகவில்லை. கடைசியில் மாசி மாதம், பக்கத்தில் குற்றாலத்தில் பாதி வாடகைக்கே ஒரு வீடு அமைந்தது. உள்ளே இரண்டு அறைக் கதவுகளிலும் பெயின்ட்டில் எண் போட்டிருந்தது. ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. கிடைத்ததே போதும் என்று அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

ஜூனில் சாரல் விழுந்தது. அருவியில் தண்ணீர் கொட்டிய அன்றே வீட்டுக்காரர் வந்து நின்றார்.

"சீசன் ஆரம்பிச்சிட்டுல்லா, ஞாயித்துக்கெழமைக்குள்ள காலி பண்ணிருங்கம்மா. ஆவணி கழிச்சு வாங்க, வீடு ஒங்களுக்குத்தான்."

"பிள்ளைய இப்பதான் இங்கன ஸ்கூல்ல சேத்திருக்கோம் அண்ணாச்சி. மூணு மாசம் எங்க போவோம்?"

"குளிக்க வாறவங்களுக்கு நாள் வாடகைக்கு விடுத வீடும்மா இது. ஊருக்கே தெரியுமே!"

அட்வான்ஸை முழுசாகத் திருப்பித் தந்தார். திட்டக்கூட வழியில்லாமல் போயிற்று.

இப்போது ஆய்க்குடியில் ஒற்றை அறையில் இருக்கிறோம். குற்றாலத்தில் வீடு பார்க்கப் போனால், "சீசனுக்கும் இருக்கலாமா?" என்றுதான் முதலில் கேட்கிறேன். இதுவரை ஒருவரும் இருக்கலாம் என்று சொல்லவில்லை. சிலர் கதவையே திறந்து காட்டுவதில்லை.

இந்த வருஷமும் சாரல் விழுந்தது. தெருவில் எல்லோரும் சந்தோஷமாக நனைந்தார்கள். காலி செய்யச் சொல்லி யாராவது வருகிறார்களா என்று நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.