சிஞ்ஞோரேயின் வெள்ளிக் காடுகள்

காசைத் தொடுவதற்குக் கையுறை போடும் மனிதரை இத்தாலியின் பலேர்மோவுக்கு வந்த பிறகுதான் கண்டேன். ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். மீன் வாங்கினாலும் கோயில் உண்டியலில் போட்டாலும் வியர்வைக் கையோடு காசை எடுத்துப் பழகிய எனக்கு, சீசா என்ற பகுதியிலுள்ள அந்த மூன்றாம் மாடி வீட்டில் ஒவ்வொரு வியாழனும் ஒரு சோடி வெள்ளைக் கையுறை தரப்படும். என் சிஞ்ஞோரே, அதாவது நான் பராமரிக்கும் ஐயா, கப்பலில் எந்திரம் பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது கால்கள் இயங்குவதில்லை. அவரைக் குளிப்பாட்டுவதும் உடுப்பு மாற்றுவதும் சமைப்பதும் என் வேலை. காலையில் கபோ சந்தையில் ஒரு கடையைக் கழுவிவிட்டு, பஸ் பிடித்து ஓடிவந்து, நாரி முறிந்து நிற்கிற நேரத்தில் இப்படியொரு சடங்கு. கண்டறியாத கோதாரி!

அவர் சேர்ப்பது அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களைப் பொறித்த வெள்ளி நாணயங்கள். உள்ளங்கையை நிரப்பும் அளவு, நல்ல கனம். ஒரு பக்கம் ஒரு தலை, மறுபக்கம் மலையோ அருவியோ காடோ. கால் டாலர் என்று எழுதியிருக்கும், ஆனால் அதிலிருக்கும் வெள்ளி அதைவிடப் பல மடங்கு பெறும். வெள்ளி விலை ஏறுமென்று வாங்குகிறவர்களும் உண்டு, வடிவுக்காகச் சேர்க்கிறவர்களும் உண்டு, தான் இரண்டும் என்பார். அமெரிக்காப் பக்கம் அவர் போனதே இல்லை. விரலடையாளம் படக்கூடாதென்று நான் கையுறையோடு ஒவ்வொன்றாக எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும், அவர் இருந்த இடத்திலிருந்தே ஊர் பார்ப்பார். ஒருநாள் மரங்கள் நெருங்கி நிற்கும் ஒன்றைப் பிடித்தபடி, "இதற்குள் இருந்த ஆட்கள் எங்கே போனார்கள்?" என்று என் உடைந்த இத்தாலியனில் கேட்டுவிட்டேன். சிஞ்ஞோரே சிரித்தார். "ஆட்களா? கரடிதான் இருக்கும். இது பார்கோ, பூங்கா அல்லவா!" எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நாணயத்தைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டேன். நான் களைத்துவிட்டேன் என்று நினைத்து அவர் கோப்பி போடச் சொன்னார்.

அந்தக் கோபத்துக்குக் காரணம் உண்டு. வன்னியில் அப்பா வெட்டித் திருத்திய வயலும் வீடும் கிணறும் என் பெயரில் இருந்தன. சண்டையில் ஓடினோம், முகாமில் கிடந்தோம், பிறகு நான் எப்படியோ இங்கே வந்து சேர்ந்தேன். தம்பி தவம் திரும்பிப் போனபோது வயல் முழுக்க மரம் எழும்பி நின்றது. அதைப் பார்த்து வன இலாகாக்காரர் எல்லைக் கல் நட்டுவிட்டார்கள். இனி இது காடு, உள்ளே வரக்கூடாது. நாங்கள் இல்லாதபோது முளைத்த மரங்களே எங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லின. பதிலுக்கு றோட்டோரம் ஒரு துண்டுக் காணி தருவார்களாம், ஆனால் பழைய காணியைக் காணிக்காரன் விட்டுக்கொடுக்க வேண்டுமாம். காணிக்காரன் நான். தவமும் பெண்சாதியும் பிள்ளைகளும் தகரக் கொட்டிலுக்குள் இருந்துகொண்டு என் வாயைப் பார்த்தார்கள். இங்கே தங்குவதற்கான அனுமதி, பெர்மெஸ்ஸோ, கைக்கு வராததால் நேரே போய்ப் பார்க்கவும் வழியில்லை. பொறு, பொறு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கட்டிலில் படுக்கிறவனுக்கு அப்படிச் சொல்வது லேசு.

அந்த நத்தார்ப் பண்டிகைக்குச் சிஞ்ஞோரே எனக்கும் ஒரு நாணயம் தந்தார். பால் தெறித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள் விழுந்த ஒன்று. சேர்க்கிறவர்கள் இதை விரும்பமாட்டார்கள், வெள்ளி விலைக்கு விற்றுக்கொள் என்றார். நான் விற்கவில்லை. எங்கள் பக்கத்தில் வீடு கட்டத் தொடங்கி முதற்கல்லாக நாள்கல் வைக்கும்போது அதன் கீழே பொன்னோ வெள்ளியோ வைப்பது வழக்கம். ஊருக்குப் போன ஒரு அக்காவிடம் கொடுத்தனுப்பி, எங்கள் காணியில் வீடு எழும்பும் நாளுக்குப் பத்திரமாக வைத்திரு என்று தவத்துக்குச் சொன்னேன். அதைக் கேட்ட சிஞ்ஞோரே நெற்றியில் அடித்துக்கொண்டார். "மண்ணுக்குள்ளா? அதை யார் பார்ப்பார்கள்?" வீடு விழாமல் நிற்பதற்கு என்று விளங்கப்படுத்தினேன். அதற்குச் சீமெந்து போதாதா என்றார்.

அடுத்த மாரி தொடங்க முன்னர் தவம் போன் எடுத்தான். நான் பஸ் தரிப்பில் நின்றேன்.

"அண்ணை, போன மாரிக்குக் கொட்டிலுக்கை முழங்கால் தண்ணி. சின்னவளை மேசைக்கு மேலை படுக்க வைச்சனாங்கள். ஓம் எண்டால் ஓம், இல்லையெண்டால் இல்லை. ஒண்டைச் சொல்லுங்கோ."

"அப்பான்ரை காணியடா."

"அப்பான்ரை காணிக்கை இப்ப ஆனை நிக்குது. என்ரை பிள்ளையள் தண்ணிக்கை நிக்குதுகள்."

"ஓம். எடு," என்றேன். அன்றைக்குச் சிஞ்ஞோரேயின் கால்களுக்கு எண்ணெய் பூசும்போது அழுகை வந்துவிட்டது. வெங்காயம் என்று சாட்டுச் சொல்லவும் வழியில்லை. அவர் வானொலியின் சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

நாள்கல் வைத்த அன்று வீடியோவில் பார்த்தேன். தன் சக்கர நாற்காலியையும் தள்ளிக்கொண்டு வரச் சொல்லிச் சிஞ்ஞோரேயும் பக்கத்தில் இருந்தார். தவம் வெறுங்கையால் அந்த வெள்ளியை எடுத்து, கண்ணில் ஒற்றி, குழிக்குள் வைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்தான். "மதோன்னா!" என்று மாதாவைக் கூப்பிட்டுச் சிஞ்ஞோரே கண்ணை மூடிக்கொண்டார். கல் இறங்கியது. பிறகு தவம் போனைச் சுழற்றி அந்த றோட்டோரக் காணியைக் காட்டினான். மூலையில் பற்றைக்குள் ஒரு கிணறு தெரிந்தது.

"உது ஆற்றை கிணறடா?"

"தெரியேல்லை அண்ணை. முந்தி இருந்த ஆக்களின்ரையாக்கும். ஒருத்தரும் திரும்பி வரேல்லை. ஆனால் கட்டு நல்ல உறுதி."

அவன் கிட்டப் போய்க் காட்டினான். கட்டின் விளிம்பில், சீமெந்து ஈரமாக இருந்தபோது யாரோ ஒரு பிள்ளை கால் வைத்த அடையாளம். எங்கள் கிணறு இப்போது காட்டுக்குள் அள்ளுவாரில்லாமல் கிடக்கிறது.

"என்ன அண்ணை, இறைக்கட்டோ?"

தம்பி என்ன கேட்கிறான் என்று சிஞ்ஞோரே என் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவருக்கு இதை எந்தப் பாஷையில் சொல்வது?

"இறை," என்றேன். "முதல் வாளியை மட்டும் ஒருத்தரும் குடியாதேங்கோ. அந்தப் பிள்ளையின்ரை காலடியிலை ஊத்திவிடு."