சில்க்போர்டு நெரிசலில் சிவந்த பட்டை

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எங்களுக்குச் சாதகமில்லாததையும் சேர்த்து. மண் நிரப்பிய பாட்டில்களோடு நகரப் பேருந்தில் அறிவியல் கண்காட்சிக்குப் போகும் திட்டம் உங்களுக்கும் இருந்தால், இது உங்களுக்கு உதவும்.

போன வெள்ளிக்கிழமை ஹெப்பகோடியில் ஒரு பள்ளியில் கண்காட்சி. ரேகாவும் நானும் பத்தாம் வகுப்பு. அவளுடைய அப்பாவுக்கு அடுகோடியில் செடிக்கடை. "பரிசு வந்தா சயின்ஸ் எடு. இல்லேன்னா காமர்ஸ் படிச்சுட்டு கடையைப் பாத்துக்கோ" என்று சொல்லியிருந்தார். ரேகா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

காலை 7.20க்கு அடுகோடியில் ஏறினோம். சுமார் பதினெட்டு கிலோமீட்டர். சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆதார் அட்டை மட்டும் மறக்காதீர்கள். மடியில் மூன்று பாட்டில்கள், எல்லாவற்றிலும் செம்மண். ஒன்றில் யூரியா, ஒன்றில் நைட்ரேட் உரம், மூன்றாவது வெறும் மண். பாட்டில்களின் அடியில் துளை, வடியும் நீரைப் பிடிக்க ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு டம்ளர்.

"ஏனம்மா, மண்ணெல்லாம் எடுத்துக்கிட்டு எங்க வீடு கட்டப் போறீங்க?" என்றார் கண்டக்டர்.

"உங்களுக்குத்தான் அண்ணா, சில்க்போர்டுலயே ஒரு ரூம்" என்றாள் ரேகா.

"கட்டு தாயி, பாதி நாள் அங்கதானே நிக்கறேன்."

நெரிசலுக்குப் பேர்போன அதே சில்க்போர்டு சந்திப்பில் டிரைவர் போட்ட பிரேக்கில் என் தண்ணீர் பாட்டில் யூரியா மண்ணின் மேல் கொட்டிவிட்டது. டம்ளரில் வடிந்த நீரில் ரேகா சோதனைப் பட்டையை நனைத்தாள். மீன்தொட்டிக் கடையில் விற்கும் பட்டை அது. நைட்ரேட் இருந்தால் சிவக்கும். சிவந்தது.

எங்கள் போஸ்டரில் பெரிய எழுத்தில் இருந்தது: 'நைட்ரேட் வடிந்தோடும். யூரியா மண்ணில் தங்கும்.'

வண்டி நகரவில்லை. தவறு என்னுடையது என்று மெல்லப் புரிந்தது. கடைசி நேர அவசரம் வேண்டாமென்று மூன்று வாரம் முன்பே உரம் கலந்து, மாடியில் வெயில்படும் இடத்தில் வைத்து, ஈரம் காயாமல் தண்ணீர் தெளித்து வந்தேன். வெதுவெதுப்பான ஈர மண்ணில் யூரியா சில நாளில் அம்மோனியமாக மாறிவிடும். அம்மோனியத்தைக் களிமண் பிடித்துவைக்கும். ஆனால் பாக்டீரியாக்கள் அதையும் நைட்ரேட்டாக மாற்றிவிடும். நம் ஊர் வெப்பத்தில் அதற்கு வாரக்கணக்கே போதும். புத்தகத்தில் படித்ததுதான். பாட்டிலுக்கு அது பொருந்தும் என்று தோன்றவே இல்லை.

8.50க்கு இறங்கினோம். பள்ளிக்கு ஆட்டோ நாற்பது ரூபாய். குழாயடியில் ரேகா வெறும் மண்ணில், பையில் மீதமிருந்த யூரியாவைப் புதிதாகப் போட்டு, உடனே நிறையத் தண்ணீர் ஊற்றினாள். பட்டை வெள்ளையாகவே இருந்தது.

"பாத்தியா? இதையே காட்டிடலாம்டி. யாருக்குத் தெரியும்?"

"பட்டைக்கு நைட்ரேட் மட்டும்தான் தெரியும். புது யூரியாவை மண் பிடிச்சு வைக்காது, ரேகா. தண்ணியோடயே போயிடும்."

"அப்ப அந்த யூரியா எங்க?"

"உன் டம்ளர்ல."

டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கப்பா செடி வாங்க வர்றவங்க எல்லார்கிட்டயும் இதைத்தான் சொல்றாரு. யூரியா போட்டதும் தளும்பத் தண்ணி ஊத்துங்கன்னு." பிறகு மார்க்கரை எடுத்து, போஸ்டரின் இரண்டாவது வரியை அவளே அடித்தாள்.

நடுவர் அம்மா நெடுநேரம் கேள்வி கேட்டார். "வாரத்துக்கு ஒரு பாட்டிலா கலந்து வெச்சிருந்தா மாற்றம் முழுசாத் தெரிஞ்சிருக்கும்" என்றார். பரிசு வரவில்லை.

போகிறவர்களுக்கு: பாட்டிலை நிமிர்த்திப் பிடிக்கப் பக்கெட் எடுத்துப் போங்கள். சில்க்போர்டுக்காகக் கூடுதலாக முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டிலேயே ஒருமுறை சோதித்துவிட்டுப் போஸ்டர் எழுதுங்கள்.

மாலை ஐந்தரைக்கு ரேகாவின் அப்பா வந்தார். கூடம் காலியாகிக்கொண்டிருந்தது.

"என்னடி, எழுதினதை அடிச்சு வெச்சிருக்கீங்க?"

ரேகா பரிசைப் பற்றிப் பேசவில்லை. பாட்டில்களை ஒவ்வொன்றாகக் காட்டி விளக்கினாள். அவர் முகம் மாறியது.

"அப்ப நான் போடச் சொன்ன யூரியா எல்லாம் வடிஞ்சே போச்சா?"

"நெறைய போயிருக்கும்ப்பா. கொஞ்சமா ஊத்தணும். யூரியா மண்ணுக்குள்ள எறங்கணும், தொட்டிக்கு வெளிய போகக்கூடாது."

"காமர்ஸ்ல இதெல்லாம் சொல்லித் தருவாங்களா?"

"மாட்டாங்கப்பா."

அவர் யூரியா பாட்டிலைத் தானே கையில் எடுத்துக்கொண்டார். "சயின்ஸே படி. ஞாயித்துக்கெழம மட்டும் கடைக்கு வந்துடு."

ரேகா பதில் சொல்லும் முன் கூடத்தின் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.