கட்டைவிரல் கீழே இருந்த ஃபோட்டோ

என் பழைய ஃபோனின் முதுகு உப்ப ஆரம்பித்ததை முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை, கம்பெனி கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணன்தான். ஃபோனை நாங்கள் உள்ளே கொண்டுபோக முடியாது. கேட்டுக்குப் பக்கத்திலிருக்கும் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் லைனுக்குப் போக வேண்டும். அன்றைக்கு அவர் என் ஃபோனை வாங்கி மேசைமேல் மல்லாக்கப் போட்டார். அது தட்டையாகப் படுக்காமல் தொட்டில் மாதிரி ஆடியது.

"இன்னாம்மா இது, மாசமா கீது?" என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "பேட்டரி ஊதிகினு கீது பாரு. நாளைக்கு இத எடுத்துகினு வந்தா லாக்கர்ல வெக்க வுட மாட்டேன். வெடிச்சா எல்லார் ஃபோனும் பூடும்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பதிலுக்கு ஏதோ சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனேன். ஆனால் அவர் சொன்னது சரி என்று எனக்கே தெரியும். ஃபோன் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறவளுக்கு உப்பிய பேட்டரியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இருந்தும் அந்த ஃபோனை மாற்ற எனக்கு மனசே வரவில்லை. காரணம் ஃபோன் இல்லை. அதற்குள் இருந்த ஒரு மெயில் ஐடி. அது என்னுடையது இல்லை, என் தோழியுடையது.

அவள் கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். சுங்குவார்சத்திரத்தில் இன்னும் ஐந்து பெண்களோடு ஒரே அறையில் வாடகைக்கு இருந்தாள். நான் மணிமங்கலத்தில் எங்கள் வீட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறவள். லைனில் எங்கள் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து இடம். வேலை, கேமரா டெஸ்ட். ஃபோன் வரும், கேமராவைத் திறந்து எதிரே ஒட்டியிருக்கும் கறுப்பு வெள்ளைக் கட்டங்களைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும். படம் தெளிவாக இருந்தால் ஓகே. மங்கலோ புள்ளியோ இருந்தால் என்ஜி. என்ஜி என்றால் ஆகாது என்று ஒதுக்கிவிடுவது.

முகத்தில் மாஸ்க், தலையில் தொப்பி, முதுகுக்குப் பின்னால் சூப்பர்வைசர். பேச வழியில்லை. அதனால் விரலால் பேசிக்கொண்டோம். கட்டைவிரல் மேலே என்றால் நன்றாக இருக்கிறேன். கீழே என்றால் இன்றைக்கு நான் என்ஜி. தலைவலி, வீட்டில் சண்டை, மாதவிலக்கு எல்லாமே கீழேதான். அவளுக்கு ஒரு கிறுக்குப் பழக்கமும் உண்டு. ஷிஃப்ட் தொடங்கியதும் முதலில் வரும் ஃபோனில் கட்டங்களை எடுப்பதற்குமுன் தன் கட்டைவிரலை ஒரு படம் எடுத்து அழித்துவிடுவாள். அவசரத்தில் ஃபோனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு எடுப்பாள், விரல் கீழே தொங்குகிற மாதிரி விழும். சாப்பாட்டு நேரத்தில் கேட்டால், "போணி பண்ணுதேம்ட்டி," என்பாள்.

நான் என் சம்பாத்தியத்தில் முதன்முதலாக ஃபோன் வாங்கியபோது அவள்தான் கூட வந்தாள். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து திறந்தால், அது மெயில் ஐடி கேட்டது. நாள் முழுக்க ஃபோன் பார்க்கிறவளிடம் சொந்தமாக ஒரு மெயில் ஐடி கிடையாது.

"குடு இங்க," என்று பிடுங்கித் தன்னுடையதைப் போட்டாள். "ரெண்டு பேத்துக்கும் ஒண்ணு போதும்ட்டி. நீ என்ன கலெக்டருக்கா மெயில் அனுப்பப் போற?"

அப்புறம் கல்யாணம் முடிவாகி ஊருக்குப் போனாள். மாப்பிள்ளை வீடு தென்காசிப் பக்கம். கம்பெனியில் வேலை பார்த்த பெண் என்றாலே முகம் சுளிக்கிற குடும்பம் என்று அவளே சொன்னாள். அவள் கைவசம் இருந்த ஃபோனையும் தம்பிக்குக் கொடுத்துவிடச் சொல்லிவிட்டார்கள். கடைசி நாள் லாக்கர் பக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நா கூப்புடுதேன். நீயா கூப்புடாத, என்ன? அங்க எப்படின்னு தெரியல."

கூப்பிடவே இல்லை. மாதக்கணக்கில் நான் அவளை மனசுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். புருஷன் வந்ததும் கண் தெரியாமல் போய்விட்டது என்று நினைத்தேன். பக்கத்து இடத்துக்கு வேறு பெண் வந்தாள், அவளிடமும் எரிந்து விழுந்தேன்.

ஒருநாள் சாயங்காலம் பஸ்ஸில் ஃபோனைத் திறந்தால், நான் எடுக்காத ஒரு ஃபோட்டோ இருந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்து கிடந்தது. இரண்டு நாள் கழித்து மாடிக் கொடியில் காயும் போர்வை. யாருடைய வீடு இது என்று குழம்பினேன். மூன்றாவது படம் ஒரு கட்டைவிரல். மேலே பார்த்து நின்றது. நகத்தில் பாதி வெளுத்த மருதாணி.

நான் பஸ்ஸில் வாய்விட்டுச் சிரித்தேன். அவளுக்குப் புது ஃபோன் வந்திருக்கிறது, அதில் அதே மெயில் ஐடியைப் போட்டிருக்கிறாள், அவள் எடுப்பதெல்லாம் எனக்கும் வருகிறது! உடனே என் கட்டைவிரலை எடுத்தேன். மறுநாள் அவளுடையது திரும்ப வந்தது.

அதன் பிறகு ஒன்றரை வருஷம் எங்கள் பேச்சு அவ்வளவுதான். மாதத்துக்கு ஒரு விரல், சில மாதம் இரண்டு. அங்கே யாராவது பார்த்தாலும் கைதவறி விழுந்த படம் என்றுதான் நினைப்பார்கள். என் பழைய ஃபோட்டோக்கள், நானும் அவளும் யூனிஃபார்மில் நிற்பது எல்லாம், ஒருநாள் மொத்தமாகக் காணாமல் போயின. அவள் அழித்திருக்கிறாள். முதலில் கொதித்தேன், பிறகு புரிந்துகொண்டேன். அன்றிலிருந்து என் முகம் தெரிகிற எதையும் அந்த ஃபோனில் நான் எடுக்கவில்லை.

ஃபோன் உப்புவதற்குச் சில நாள் முன்பு வந்த படம்தான் கடைசி. கை நிறையக் கண்ணாடி வளையல். வளைகாப்பு ஆகியிருக்கிறது என்று தெரிந்தது. கட்டைவிரல் கீழே இருந்தது.

ஃபோனில் ரீல்ஸ் பார்க்கிற பெண்களுக்கு நடுவே, பஸ் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு அதை ஒரு நொடி பார்த்தேன். வளைகாப்பு நேரத்தில் யாராவது என்ஜி சொல்வார்களா, வழக்கம்போல ஃபோனைத் தலைகீழாகப் பிடித்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சந்தோஷத்தில் என் விரலை மேலே காட்டிப் படம் எடுத்தேன். அதற்குப் பதில் வரவில்லை. இரண்டு வாரம் போனது. ஒவ்வொரு நாளும் அந்த விரல் எனக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கனக்க ஆரம்பித்தது. அதற்குள் கேட்டில் இந்தக் கூத்து நடந்துவிட்டது.

மறுநாள் எனக்கு லீவு. சுங்குவார்சத்திரம் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் பழையதை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"இதுல கீற ஃபோட்டோல்லாம் புதுசுல வந்துடுமாண்ணா?"

"மெயில் ஐடி தெரியும்ல? தானா வந்துடும்மா."

எனக்கு உயிர் வந்தது. ஐடி எனக்கு மனப்பாடம், அவள் பெயரும் பிறந்த வருஷமும்.

"அப்போ இத ரீசெட் பண்ணணும். குடும்மா, செட்டிங்ஸ்ல போயி மொதல்ல அக்கவுண்ட்ட..."

"எனக்கேவாண்ணா? நாங்க டெய்லி பண்றதே இதுதான்," என்றேன். வெறும் திமிர். லைனில் மக்கர் பண்ணும் ஃபோனை நாங்கள் எப்படிச் செய்வோமோ அப்படி, வால்யூம் பட்டனையும் பவர் பட்டனையும் சேர்த்து அழுத்தி, அவர் கண்ணெதிரே கண்மூடித் திறப்பதற்குள் துடைத்துக் காட்டினேன்.

லைனில் வரும் ஃபோன்களில் யாரும் குடியிருப்பதில்லை. துடைத்தால் சிரித்த முகமாக வணக்கம் சொல்லி எழும். என் ஃபோன் எழுந்து, இதில் முன்பு இருந்த கணக்கு எது, அதன் பாஸ்வேர்டு என்ன என்று கேட்டது.

"போடும்மா," என்றார்.

"இன்னா போடணும்?"

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன். "லாக் ஆயிடுச்சும்மா. இத எடுத்துகினு நான் இன்னா பண்றது?" என்று மெல்லச் சொன்னார்.

எக்ஸ்சேஞ்ச் போனால் போகிறது, தவணையில் போட்டுக்கொள்கிறேன், புதுசில் அந்த ஐடியை மட்டும் எப்படியாவது போட்டுக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் புது ஃபோனைத் திறந்தார். அவள் பிறந்தநாள், ஊர்ப் பெயர், தம்பி பெயர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அடித்துப் பார்த்தார். எதுவும் இல்லை. கடைசியில் வேறு வழி என்று ஏதோ ஒன்றைத் தொட்டார். திரையில் பெரிதாக ஓர் எண் வந்து நின்றது.

"அவ்ளோதான்மா. இப்ப அவங்க ஃபோனுக்கு ஒண்ணு போயிருக்கும். நீங்கதானான்னு கேக்கும். ஆமான்னு அமுக்கி இந்த நம்பரத் தொட்டாங்கன்னா முடிஞ்சுது."

நான் கையை நீட்டி ஃபோனைப் பிடித்தேன். "அவ ஃபோனுக்கா? அய்யோ, நிறுத்துங்கண்ணா."

"போனது போனதும்மா. எந்த ஊர்லேர்ந்து கேக்குறாங்கன்னுகூட அதுல காட்டும்."

நாங்கள் இரண்டு பேரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றோம். வெளியே ஷிஃப்ட் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பின. ஆமாம் என்று அமுக்கிவிடு, அமுக்கிவிடு என்று நான் உள்ளுக்குள் அவளிடம் மன்றாடினேன். எண் மறைந்தது. அனுமதி மறுக்கப்பட்டது என்று வந்தது.

"இல்லைன்னு அமுக்கிட்டாங்கம்மா. நான் இல்லைன்னு."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. எங்கள் பக்கத்து ஊர்ப் பெயரைப் பார்த்துமா இல்லை என்றாள்? யோசித்திருக்க வேண்டும். நான் யோசிக்கிற ஜாதி இல்லை. இரண்டு வருஷமாகக் காத்த வார்த்தையை மீறி, புது ஃபோனில் சிம்மைப் போட்டு அவள் நம்பரை அடித்தேன். அவள் நம்பர் மாறியிருக்கவில்லை.

"சொல்லுங்க," என்றது ஓர் ஆண் குரல்.

அவள் புருஷன்தான்; நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"யாரு பேசுதீங்க? இப்பத்தான் ஸ்ரீபெரும்புதூர்ல இருந்து யாரோ எங்க வீட்டம்மா மெயில்ல நொழையப் பாத்திருக்காங்க. நாந்தான் இல்லன்னு அமுக்குனேன். நீங்க அந்தப் பக்கமா?" தன்மையான குரல். குற்றம் சொல்ல ஒரு பிசிறு இல்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. பிறகு அவர் அந்தப் பக்கம் திரும்பி யாரிடமோ கேட்டார். "ஏ, அங்க ஒனக்குத் தெரிஞ்சவங்க யாரும் இருக்காங்களா?"

"அங்க யாரு இருக்கா எனக்கு?" அவள் குரல். "ராங் நம்பரா இருக்கும். வைங்க."

இரண்டு வருஷத்துக்குப் பிறகு கேட்ட குரல். காதை ஃபோனுக்குள் நுழைக்கிற மாதிரி அழுத்திக்கொண்டேன். களைத்திருக்கிறாளா, அழுதிருக்கிறாளா, நன்றாகத்தான் இருக்கிறாளா, ஒன்றுமே பிடிபடவில்லை. அவள் பயந்திருந்தால் அதற்குக் காரணம் நான்தான், அது மட்டும் பிடிபட்டது.

"ஆமாங்க, தப்பு நம்பர்," என்றேன் நானும். "மன்னிச்சிக்கோங்க."

"பரவால்ல," என்றார். வைப்பதற்குள் அவளிடம் சொல்வது காதில் விழுந்தது. "பாஸ்வேர்ட மாத்திரலாம். எதுக்கு வம்பு."

புது ஃபோன் நல்ல ஃபோன். மேசையில் வைத்தால் அசையாமல் படுக்கிறது. அதில் எனக்கென்று ஒரு மெயில் ஐடி போட்டுக் கொடுத்தார் கடைக்கார அண்ணன், பாஸ்வேர்டை ஒரு அட்டையில் எழுதியும் கொடுத்தார். நானும் வேலைக்குப் போய் வந்துகொண்டுதான் இருக்கிறேன். கணக்குப்படி அவளுக்கு இந்நேரம் குழந்தை பிறந்திருக்கும்.

லைனில் படத்தின் மூலையில் கடுகளவு புள்ளி இருந்தாலும் என் கண் பிடித்துவிடும், சூப்பர்வைசரே ஒப்புக்கொள்வார். அப்படிப்பட்ட கண்ணால் அந்தக் கடைசிப் படத்தை இன்னும் ஒருமுறை பார்த்திருந்தால் போதும். அவள் நிஜமாகவே கையைக் கீழே தொங்கவிட்டிருந்தால் வளையலெல்லாம் மணிக்கட்டுக்குச் சரிந்து வந்திருக்கும். ஃபோனைத்தான் தலைகீழாகப் பிடித்திருந்தாள் என்றால் அவை முழங்கைப் பக்கம் போயிருக்கும். பச்சையும் சிவப்புமாக இருந்தன என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எந்தப் பக்கம் சரிந்திருந்தன என்று மட்டும் நான் பார்க்கவில்லை.