கொட்டாஞ்சேனையில் தெரியக் கூடாத ஒரு பச்சைக் கோடு

கொழும்புக்குள்ளேயே வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போனதைப் பயணம் என்றால் சிரிப்பீர்கள். நான் போனது ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் ஒளிரும் வாயுவைப் பார்க்க. தோழி சாமினி அங்கே ஒரு சிறிய ஆய்வுகூடத்தில் பட்டத்துக்கான ஆய்வு செய்கிறாள். அவள் இரவல் வாங்கியிருந்த லேசர் அன்று மாலையே திரும்பப் போகிறது. அதற்குள் அளவெடுக்காவிட்டால் அவளுடைய பட்டம் தொங்கிப்போகும். எனவே சனிக்கிழமை காலையே கிளம்பினேன்.

காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ், புறக்கோட்டை வரை முக்கால் மணி நேரம். அங்கிருந்து ஆட்டோவுக்கு முன்னூறு ரூபாய்.

"லேசர் எண்டா கண் ஒபரேஷனோ?" என்றார் சாரதி.

"இல்லண்ணே, குழாய்க்குள்ள பிளாஸ்மா பாக்க."

அவர் ரேடியோச் சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

விஷயம் இதுதான். மின்சாரம் பாய்ந்தால் குழாயிலுள்ள வாயு பிளாஸ்மாவாகி ஒளிரும். உள்ளே கம்பியை விட்டு அளந்தால் அது குழம்பிவிடும். அதனால் லேசரை விடுகிறார்கள். அந்த ஒளியில் மிக மிகச் சிறிய பங்கைப் பிளாஸ்மாவிலுள்ள இலத்திரன்கள், அதாவது எலக்ட்ரான்கள், பக்கவாட்டில் சிதறடிக்கும். அதை வைத்து அவை எத்தனை, எவ்வளவு சூடு என்று கணக்கிடலாம். வேறெதிலும் பட்டுச் சிதறிய ஒளி கலந்தால் எல்லாம் பாழ்.

லேசர் ஓடும்போது அந்த அறைக்குள் நிற்கக் கூடாது. நானும், துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் சாமினியின் அப்பாவும் அவளோடு பக்கத்து அறையில் கேமராத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பளிச்சென்று ஒரு பச்சைக் கோடு. நான் கைதட்டியே விட்டேன். சாமினியின் முகம் கறுத்தது.

"காத்து சுத்தமா இருந்தா கோடு இப்பிடித் தெரியாதே. அப்பா, உள்ள சாம்பிராணி காட்டினீங்களோ?"

"ஓம் மகள். புது கிரேன் வந்தா நாங்க அது காட்டாமத் தொட மாட்டம். காலமையே வந்து காட்டினனான்."

"புகைதான் அப்பா வெளிச்சத்தச் சிதறடிக்குது. இதுக்குள்ள இலத்திரனை எங்க தேட?"

மனுஷன் இடிந்துபோய்க் கதிரையில் உட்கார்ந்தார். எனக்குப் பாவமாகிவிட்டது. அவள் திட்டவில்லை. கண்ணாடிகளைத் துடைத்து, காற்று வடிகட்டியை ஓடவிட்டு, சாப்பிடாமல் காத்திருந்தாள்.

இப்படியான இடத்துக்குப் போகிறவர்களுக்கு: முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். முகத்துக்குப் பவுடர் பூசாதீர்கள். பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது, பொறுமையைக் கொண்டுபோங்கள்.

பின்னேரம் மறுபடி லேசர். இந்த முறை கோடு தெரியவில்லை. குழாயின் சொந்த ஒளியைக் கழித்து நெடுநேரம் சேர்த்த அளவில், வரைபடத்தில் லேசரின் நிறம் விழும் நடு உச்சிக்கு இரு பக்கமும் சின்னதாய் ஒவ்வொரு மேடு எழுந்தது. மிச்சப் புகையாகவும் இருக்கலாம் என்று சாமினி நம்பவில்லை. குழாயை அணைத்து, லேசரை மட்டும் விட்டு, அதே அளவு நேரம் சேர்த்துப் பார்த்தாள். மேடு வரவேயில்லை.

"ஐயோ, ஒண்டும் வரேல்லையே மகள்!" அப்பா பதறி எழுந்தார்.

"வரக் கூடாது அப்பா! பிளாஸ்மா இல்லாட்டி அதுவும் இல்ல. அப்ப முதல் வந்தது இலத்திரன்தான்!"

சொல்லிவிட்டு அவர் தோளில் சாய்ந்து அழுதாள். அவர் ஒன்றுமில்லாத அந்தத் திரையையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவருக்கும் கண் கலங்கியது.